சம்பள முன்பணத்தில் முதல் வீடு: படைவீரர் கேட்டதும் சுபேதார் சொன்னதும்

வேலூர்ப் பக்கத்து ராணுவக் குடும்பங்கள் வீட்டு முன்பணம் பற்றிக் கேட்டவை இவை. பதில் சொல்பவர் கணியம்பாடிக்காரர். ராணுவத்தில் கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர்.

நாயக், ஒடுகத்தூர்: வணக்கம் சார். அடிப்படைச் சம்பளம் 30,500. அரசு தரும் வீடு கட்டும் முன்பணம் எனக்கு எவ்வளவு கிடைக்கும்? சர்வீஸ் இன்னும் 11 வருஷம் இருக்கிறது.

வணக்கம் தம்பி. கடைசியில் சொன்னாயே, அந்த 11 வருஷம்தான் முக்கியம். பலர் அதைச் சொல்லாமலே கேட்கிறார்கள்.

2017 விதிப்படி 34 மாத அடிப்படைச் சம்பளம், 25 லட்சம், வீட்டின் விலை, உன்னால் திருப்பிக் கட்ட முடிந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 34 மாதக் கணக்கில் உனக்கு 10,37,000 வருகிறது. வட்டி தனிவட்டி, குறையும் அசலின் மேல்தான். 2017-ல் 8.5 சதவீதம் என்று ஆரம்பித்தது, 2019 அக்டோபரில் 7.9 ஆனது, 2022-23-ல் 7.1. விண்ணப்பம் போடும் நேரத்தில் என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்.

இதில் முதலில் அசலைப் பிடிப்பார்கள், அதிகபட்சம் 180 மாதம். அது முடிந்த பிறகு வட்டி, அதிகபட்சம் 60 மாதம். ஆக 20 வருஷத் திட்டம். 60 வயது வரை வேலை பார்க்கும் சிவிலியன் ஊழியருக்கு இது சுகமாக இருக்கும். நாமோ நாற்பதைத் தாண்டியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறோம். நீ 10 லட்சம் வாங்கி 96 மாதத்தில் அசலைக் கட்டினால் மாதம் 10,417 பிடித்தம். அப்புறம் 7.1 சதவீத வட்டியை 36 மாதத்தில் கட்ட மாதம் சுமார் 7,970. இப்படி 132 மாதத்தில், சர்வீஸ் முடிவதற்குள் கணக்கு தீர்ந்துவிடும். தவணையை நீட்டினால் மிச்சத்தை, ஓய்வு பெறும்போது வரும் கிராஜுவிட்டியில் கழிப்பார்கள். அந்தப் பணத்தைத்தான் பிள்ளை படிப்புக்கென்று நீ நினைத்து வைத்திருப்பாய். அதனால் முதலில் ஒரு தாளில் பணி ஓய்வுத் தேதியை எழுது. பிறகு வீட்டு பிளானைப் போடு.

சிப்பாய், குடியாத்தம்: எனக்கு எவ்வளவு கிடைக்கும் சார்? பேசிக் 21,700.

34-ஆல் பெருக்கு. 7,37,800. மற்றது மேலே இருக்கிறது.

ஹவில்தாரின் மனைவி, காட்பாடி: ஐயா, அவர் லடாக்கில் இருக்கிறார். இங்கே ஒரு மனை வந்திருக்கிறது. விற்பவர் மனைக்குச் சொந்தக்காரர் இல்லை, பவர் வைத்திருக்கிறார். விலை குறைவு, இந்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள் அம்மா. பவர் பத்திரம் என்பது இன்னொருவர் சார்பில் செயல்படத் தரும் அதிகாரம்தான், உரிமைப் பத்திரம் ஆகாது, 2011-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனால் அதுவும் பொதுவாகச் செத்துவிடும். சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பாருங்கள். முடிந்தால் அவரே வந்து கிரயம் எழுதிக் கொடுக்கட்டும். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் நான்கும் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் வேண்டாம். ஏரிக்கரை ஓரத்து மனையென்றால் கிராம வரைபடத்தையும் பாருங்கள், புறம்போக்காக இருக்கப் போகிறது. லீவில் வரும் பையனின் அவசரம் தெரிந்துதான் "இந்த வாரமே" என்கிறார்கள்.

முன்பணம் வாங்கினால் வீட்டை அரசுக்கு அடமானம் எழுதித் தர வேண்டும். பத்திரம் சுத்தமாக இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் எல்லாம் நின்றுவிடும்.

அக்னிவீர், அணைக்கட்டு: எனக்கும் இந்த முன்பணம் உண்டா அண்ணா?

இல்லை தம்பி, அது நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு. நான்கு வருஷம் முடித்தால் உனக்கு சேவா நிதி, வட்டியோடு சேர்த்து சுமார் 11.71 லட்சம் வரும், வருமான வரி கிடையாது. அதை அப்படியே மனையில் போட்டுவிடாதே. உனக்குப் பென்ஷன் இல்லை. அடுத்த வேலை கிடைத்த பிறகு வீட்டைப் பற்றி யோசி.

நாயப் சுபேதார், சத்துவாச்சாரி: இங்கிலாந்து ராணுவத்தில் வட்டியே இல்லாமல் தருகிறார்களாமே?

உண்மைதான். 2014-ல் தொடங்கிய திட்டம். ஆண்டுச் சம்பளத்தில் பாதி வரை, உச்சம் 25,000 பவுண்டு. பத்து வருஷத்தில் சம்பளத்தில் பிடிப்பார்கள். நம் முன்பணத்துக்கு வட்டி உண்டு. ஆனால் இரண்டுமே நாளைய சம்பளத்தை இன்றைக்கே வாங்குவதுதான்.

ஹவில்தார், கம்மவான்பேட்டை: அப்பா பேரில் ஐந்து சென்ட் இருக்கிறது. அதில் முன்பணம் வாங்கிக் கட்டலாமா?

அப்படியே கட்ட முடியாது. மனை உன் பேரிலோ, உன் பேரும் மனைவி பேரும் சேர்ந்தோ இருக்க வேண்டும். அப்பா உனக்கு செட்டில்மென்ட் எழுதித் தரட்டும், அதாவது விலை வாங்காமல் மனையை உன் பேருக்கு எழுதித் தரும் பத்திரம். கிரயத்தை விடச் செலவு மிகவும் குறைவு.

ஓய்வு பெற்ற ஹவில்தார், அதே ஊர்: சுபேதார் சார், மன்னிக்கணும். நம் ஊரில் பெற்றவர் பேரில் கட்டுவதுதான் மரியாதை. முன்பணம் வேண்டாம், சம்பளத்தில் பிடித்துச் சேரும் பி.எஃப். ஃபண்டு பணத்தை எடுத்துக் கட்டட்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது எழுதிக் கேட்டால் ஊர் என்ன பேசும்?

ஊர் பேசட்டும் அண்ணே. வீட்டுக்கொரு ராணுவக்காரன் என்று பேர் வாங்கிய ஊர் உங்களுடையது, அங்கேயே இதன் விளைவைப் பார்த்திருக்கிறோம். ஒரு பையன் பத்து வருஷச் சேமிப்பை அப்பா மனையில் போட்டு வீடு கட்டினான். பணியிலிருந்தபோதே போய்ச் சேர்ந்தான். பின்னால் அப்பாவும் உயில் எழுதாமல் போனார். மனையும் அதன் மேல் இருந்த வீடும் அம்மா, அண்ணன், தங்கை, இவனுடைய பங்கு என்று நான்காகப் பிரிந்தது. தன் புருஷன் சம்பளத்தில் போட்ட தரையில் அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கால் பங்கு. சிமென்ட் வாங்கிய ரசீதை எல்லாம் துணிப்பையில் கொண்டுவந்து காட்டினாள். ரசீது பங்கைக் கூட்டுமா?

ஓய்வு பெற்ற ஹவில்தார்: அப்படியென்றால் பெற்றவர்களை நடுத்தெருவில் விடச் சொல்கிறீர்களா?

இல்லை. அப்பா அம்மா ஆயுள் வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அந்த செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதலாம். பத்திர எழுத்தரிடம் சொல்லி அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மகனுக்கும் மனசு நிறையும், பெரியவர்களுக்கும் பயம் இருக்காது. மனைவி பேரைச் சேர்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எல்லையில் நிற்பவன் வீட்டில் அவள்தான் கொத்தனாரோடு பேசுகிறாள், தண்ணீர் ஊற்றிச் சுவரை ஆற்றுகிறாள்.

அந்த ஹவில்தாரின் மனைவி, கம்மவான்பேட்டை: ஐயா, எழுதியதற்கு நன்றி. மாமாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.

பொறுமையாக இருங்கள் அம்மா. உங்கள் கணவர் லீவில் வரும்போது அவரே பேசட்டும். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

லான்ஸ் நாயக், பாகாயம்: ஃபண்டில் எடுப்பதா, முன்பணமா?

ஃபண்டில் எடுப்பது உன் பணம், திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் 2020-லிருந்து அது 7.1 சதவீத வட்டி சம்பாதிக்கிறது, எடுத்த நாளோடு அது நின்றுபோகும். கட்டுபவனுக்கு என் யோசனை: முன்பணத்தில் பாதி அடமானம் எழுதியதும் வரும், மறுபாதி பேஸ்மட்டம் எழும்பியதும் வரும். நடுவில் கையைக் கடிக்கும் நேரத்துக்கு மட்டும் ஃபண்டைத் தொடு. மொத்தத்தையும் வழித்து எடுத்துவிட்டு ஓய்வு பெறாதே.

சிப்பாய், பள்ளிகொண்டா: எனக்கு எவ்வளவு கிடைக்கும்?

தம்பி, முதல் பதிலைப் படி. சர்வீஸ் எத்தனை வருஷம் பாக்கி என்று சேர்த்து எழுதினால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

ஹவில்தார், கே.வி.குப்பம்: வட்டிக்கு வருமான வரிச் சலுகை எப்படி?

ஆடிட்டரிடம் கேளுங்கள். அது என் துறை இல்லை.

ஹவில்தார், கம்மவான்பேட்டை: சார், அப்பா சரி என்றுவிட்டார். அம்மாவுக்கு அந்த வசிக்கும் உரிமை வரி கட்டாயம் வேண்டுமாம். லீவுக்கு வரும்போது என்னென்ன எடுத்துவர வேண்டும்?

நல்ல சேதி தம்பி. அப்பாவின் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, எல்லோர் ஆதார் அட்டையும் தயாராக இருக்கட்டும். சாட்சி இருவர் வேண்டும். பதிவு முடிந்ததும் பட்டாவை உன் பேருக்கு மாற்ற மனுக் கொடு. முன்பண விண்ணப்பத்தை அதற்கு முன் யூனிட் கிளார்க்கிடம் நீட்டாதே, திரும்பி வந்துவிடும்.