பத்தடி தூரத்தில இருக்கிற அக்காவிட்டக் கேக்க வாய் வரேல்லை

வணக்கம் அக்கா,

எனக்கு 27 வயசு. யாழ்ப்பாணத்தில ஒரு ஆஸ்பத்திரியில மெடிக்கல் வாட்டில நேர்ஸா இருக்கிறன். 3 வருசம் ரெயினிங் முடிச்சு அப்பொயின்ட்மென்ட் கிடைச்சு இப்ப ஒண்டரை வருசம். வேலை பிடிச்சிருக்கு, வருத்தக்காரரோட ஒரு கரைச்சலும் இல்லை, கரைச்சல் எல்லாம் எங்கட ஆக்களோடதான்.

வாட்டில ஒரு சீனியர் அக்கா, 20 வருச சேவிஸ். வேலையில ஒரு குறை சொல்லேலாது, ஆருக்கும் நரம்பு பிடிபடேல்லை எண்டா அவாதான் வந்து ஒரே குத்தில கனூலா போட்டிட்டுப் போவா. ஆனா என்னைக் கண்டா என்னவோ தெரியேல்லை. 1 மணிக்கு டியூட்டி மாறேக்க கட்டில் கட்டிலா நிண்டு ரிப்போர்ட் குடுப்பம்தானே, மற்றவை சொல்லேக்க பேசாமல் கேப்பா, நான் வாய் திறந்தா "இன்டேக் அவுட்புட் (உள்ள போன, வெளியில போன தண்ணிக் கணக்கு) ஏன் கூட்டேல்லை, உமக்கு உதுகூடத் தெரியாதே, என்னத்தைப் படிப்பிச்சு அனுப்பினவை" எண்டு வருத்தக்காரர், பாக்க வந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால. ஒருநாள் 9ம் கட்டில் அம்மம்மா என்ர கையைப் பிடிச்சு "விடு பிள்ளை, அழாதை" எண்டா. ட்ரிப் ஏறுற கையால எனக்கு ஆறுதல் சொல்லுறா, யோசிச்சுப் பாருங்கோ. ஈவினிங் முடிஞ்சு 7 மணிக்கு அவா வந்து பாரம் எடுக்கிற நாளில என்னட்ட மட்டும் அரை மணித்தியாலம் துருவுவா, 750ம் நம்பர் பஸ் போயிடும், பிறகு அப்பா நெல்லியடியில இருந்து மோட்டசைக்கிளில வரவேணும்.

போன மாசம் ஒரு நைட். ராச்சாப்பாட்டுக்கு முதல் போடுற இன்சுலின், சார்ட்டில எழுதினது 4 யூனிட்டோ 40ஓ எண்டு விளங்கேல்லை. அக்கா மேசையில எழுதிக்கொண்டு இருக்கிறா, பத்தடிகூட வராது, கேக்க வாய் வரேல்லை. சார்ட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். கடைசியா அநுராதபுரப் பக்கத்தில இருந்து வந்த சிங்கள நேர்ஸ் ஒராள், அவவின்ர தமிழும் என்ர சிங்களமும் அரைகுறை, அவா பாத்திட்டு "போடவேண்டாம், டொக்டருக்கு கோல் பண்ணு" எண்டா. டொக்டர் சொன்னது 4. கை நடுங்கி இருந்திட்டன்.

இன்னொண்டும் சொல்லவேணும். எங்கட பட்ச் பிள்ளையள் 5 பேருக்கு ஒரு வட்ஸ்அப் குறூப், அதில அக்கா கதைக்கிற மாதிரி நான் கதைச்சு வொய்ஸ் நோட் போட்டிருந்தன். அது அவவின்ர காதுக்குப் போட்டுது. இப்ப முகம் பாத்துக் கதைக்கிறேல்லை. இரவில நித்திரையும் குறைவு. ட்ரான்ஸ்பர் கேப்பமோ?

பதில்:

தங்கச்சி, பஸ், அழுகை, குறூப் எல்லாத்துக்கும் வாறன், முதல் அந்த 4.

உங்கட கடிதத்தில என்னை உலுப்பினது அவா ஏசினது இல்லை, பத்தடியில இருக்கிற ஆளிட்டக் கேக்க வாய் வராமல் நீங்கள் சார்ட்டோட நிண்டதுதான். சந்தேகம் வந்து போடாமல் விட்டியள் பாருங்கோ, அது நல்ல நேர்ஸ் செய்யிற வேலை. யூனிட் எண்டதை முழுசா எழுதாமல் இங்கிலீசில 'யூ' எண்டு ஒற்றை எழுத்தில எழுதினா அது பூச்சியம் மாதிரி விழுந்து 4 வந்து 40 ஆகும், உலகம் முழுக்க நடக்கிற பிழை, அமெரிக்க ஆஸ்பத்திரியளில 2004ல இருந்தே அப்பிடி எழுதவேண்டாம் எண்டு பட்டியலே போட்டிருக்கினம். அதால உங்களுக்குக் கண் தெரியேல்லை எண்டு நினைக்கவேண்டாம்.

அக்கா செய்யிறது சரியே? இல்லை. பிழையைச் சொல்லுறது அவவின்ர கடமை, அதைக் கட்டிலடியில ஆக்கள் பாக்கச் சொல்லுறது கடமை இல்லை. 2022ல நாட்டில காசு நெருக்கடி வந்த பிறகு எத்தினை நேர்ஸ்மார் வெளிநாடு போட்டினம், இருக்கிற ஆக்களில முழுப் பாரமும் விழுந்து கிடக்கு, அந்தக் களைப்பு கீழ நிக்கிற பிள்ளையில இறங்குது. காரணம் விளங்குது எண்டதுக்காக நீங்கள் வாங்கிக்கொண்டு நிக்கவேணும் எண்டு இல்லை.

மார்த்தா கிரிஃபின் எண்டு அமெரிக்காவில ஒரு நேர்சிங் ஆய்வாளர், பொஸ்டனில வேலைக்குப் புதுசா வந்த 26 நேர்ஸ்மாருக்கு ஒரு விசயம் பழக்கி, 2004ல அதை எழுதி வெளியிட்டவா. ஆரும் இப்பிடி நோகடிச்சா என்ன சொல்லுறது எண்டதை முன்கூட்டியே பாடமாக்கி, சின்னக் கார்ட்டில எழுதி சட்டையோட வச்சிருக்கிறது. நேர சொன்ன இடத்தில பெரும்பாலும் அந்த நோகடிப்பு நிண்டிட்டுது. ஏனெண்டா அந்த நேரம் தொண்டை அடைக்கும், புதுசா வசனம் தேடேலாது. உங்களுக்கு இது போதும்: "அக்கா, நான் விட்டதைச் சொல்லுங்கோ, திருத்துறன். ஆனா கட்டிலடியில வேண்டாம், ரூமில வச்சுச் சொல்லுங்கோ." கண்ணாடிக்கு முன்னால நிண்டு பத்துத்தரம் சொல்லிப் பாருங்கோ, சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை.

ஆனா அதைச் சொல்லுறதுக்கு முதல் வொய்ஸ் நோட்டுக்கு மன்னிப்புக் கேக்கவேணும். குறை நினையாதேங்கோ, அவா உங்களை 9ம் கட்டிலடியில செய்ததைத்தான் நீங்கள் போனுக்குள்ள செய்திருக்கிறியள். நைட்டில வாட் அடங்கின பிறகு, ஒரு பிளேன்ரீயோட, "அது என்ர பிழை" எண்டு மட்டும். "ஆனா நீங்களும்" எண்டு இழுத்தியளோ, எல்லாம் போச்சு. குறூப்பை அதுக்கு முதல் நாளே விட்டு வெளியில வாங்கோ.

ரிப்போர்ட் எடுக்கிற நேரத்தை ஒரு கொப்பியில குறியுங்கோ, திகதி, தொடங்கினது, முடிஞ்சது, அவ்வளவுதான். ஒரு மாசம் கதைச்சும் மாறேல்லை எண்டா அந்தக் கொப்பியோட வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிட்டப் போகலாம். "அவாவுக்கு என்னைப் பிடிக்காது" எண்டு போனா சிஸ்டர் என்ன செய்யிறது, 7.35க்கு விட்டவா எண்டா ஏதும் செய்யலாம். ட்ரான்ஸ்பரை அதுக்குப் பிறகு யோசிப்பம், போற வாட்டிலயும் ஒரு அக்கா இருப்பா. நித்திரை ரெண்டு கிழமைக்கு மேல இப்பிடியே போனா மனநல உதவி நம்பர் 1926க்கு எடுத்துக் கதையுங்கோ, தமிழிலயும் கதைக்கலாம்.

அவாவோட நீங்கள் சினேகிதமாக வேணும் எண்டு இல்லை, கேக்கக்கூடிய தூரத்தில இருந்தாச் சரி. அடுத்த நைட் ரெண்டு பேரும் ஒண்டா விழுந்தா, விளங்கினாலும் பரவாயில்லை, இன்சுலின் சார்ட்டைக் கொண்டுபோய் மேசையில வச்சு "அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ" எண்டு கேளுங்கோ. மூஞ்சையை நீட்டிக்கொண்டு எண்டாலும் பாப்பா, 20 வருசம் அந்த வேலை செய்த கண்ணல்லே.