கொழுந்தன் கேட்டா ஓடிபி சொல்லணுமா?

கேள்வி: பாம்பன்ல கருவாடு யாவாரம் பண்றேன். ஜிஎஸ்டி எடுத்துத் தர்றேன்னு கொழுந்தன் ஆதார், பான் போட்டோ வாங்குனாரு, மூணு தடவ ஓடிபி கேட்டாரு, சொன்னேன். இப்ப பேங்க்ல 5 லட்சம் லோன் கேட்டா, என் பேர்ல ரெண்டு ஆப் லோன் 60,000 ரூபா கட்டாம நிக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெளிய தெரிஞ்சா அசிங்கம், நாமளே கட்டிருவோம்ங்குறாரு வீட்டுக்காரர். ஒருத்தர் மாசம் 500 ரூபாய்க்கு சிபில் ஸ்கோர, அதான் கடன் மார்க்க, சரி பண்ற பிளான் இருக்குங்குறாரு. என்ன பண்ண?

பதில்: தங்கச்சி, கட்டாதீங்க. கட்டுனா அது ஒங்க கடன்தான்னு நீங்களே ஒத்துக்கிட்ட கணக்காயிரும், அப்பறம் நான் வாங்கவே இல்லன்னு எங்க போயி நிக்கிறது? பேசாம இருந்தாலும் ஆபத்துதான். பேங்க்ல 11% வட்டின்னா 5 லட்சத்துக்கு வருஷத்துக்கு சுமாரா 55,000. அது கெடைக்காம வெளிய ரெண்டு வட்டிக்கு வாங்குனா மாசம் 10,000, வருஷம் 1,20,000. ஆக 65,000 கூடப் போகுது, அந்த ஆப் லோனை விடவே அதிகம்.

அந்த 500 ரூபா பிளான் வேணாம்மா. வருஷம் 6,000 அழுது எதுக்கு? சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நம்ம கடன் கணக்க வச்சிருக்குற கம்பெனிங்க நாலுமே வருஷத்துக்கு ஒரு தடவ முழு கடன் ரிப்போர்ட்ட ஓசியாவே தரணும். ரிப்போர்ட்ட எறக்கி, இந்த ரெண்டு லோனும் என்னுது இல்லன்னு அங்கயே புகார் போடுங்க, லோன் குடுத்த கம்பெனிக்கும் எழுதுங்க. 30 நாள்ல சரி பண்ணலன்னா நாளைக்கு 100 ரூபா நஷ்டஈடு தரணும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு.

அதுக்கு முன்னாடி 1930ங்குற போன் நம்பர்ல சைபர் மோசடி புகார் குடுங்க. கொழுந்தன் பேரு வருமேன்னு மறைக்காதீங்க, நடந்தத நடந்தபடி எழுதுங்க. அவரே எடுத்தாரா, இல்ல எவன்கிட்டயாவது குடுத்து அவரும் ஏமாந்தாரான்னு போலீஸ் பாத்துக்கட்டும். அடுத்தவங்க அடையாளத்த வச்சு மோசடி பண்ணா தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 66சி பிரிவுல 3 வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா ஒண்ணு, ஓடிபிய நீங்களே வாசிச்சுக் காமிச்சிருக்கீங்க, அது ஒங்க கேஸுக்குப் பலவீனம்தான், அதான் ஒரு நாள்கூட தள்ளிப் போடக்கூடாதுங்குறேன்.

எனக்கு கோவம் அந்த ஓடிபி மேலதான். சொந்தக்காரங்க போன்ல கேட்டதும் கருவாட்டு கையத் தொடச்சுட்டு ஆறு நம்பரையும் ஒப்பிக்கிறது, ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு ஆதார அனுப்பிட்டு அழிக்கச் சொல்லாம வர்றது, இத இன்னையோட விடுங்க. ஜெராக்ஸ் குடுத்தே ஆகணும்னா குறுக்க "சிம் வாங்க மட்டும்"னு தேதியோட எழுதி கையெழுத்துப் போடுங்க. கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியிற மாஸ்க் ஆதார் போதும்னா அதையே குடுங்க.

இன்னொண்ணு, லோனை விட எனக்கு இதுதான் பயம். ஜிஎஸ்டி சைட்ல ஒங்க பான் நம்பரப் போட்டுத் தேடுங்க. ஒங்களுக்குத் தெரியாத ஊர்ல, தெரியாத கடை பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருந்தா அந்தப் பேர்ல எவனோ போடுற கள்ள பில்லுக்கு நோட்டீஸ் ஒங்க வீட்டுக்குத்தான் வரும். நாளைக்கு ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடியே இதப் பாத்துருங்க.