சாலையை அகலப்படுத்திய பிறகும் அதே நெரிசல் ஏன்?

தடை சாலையில் இல்லை, அது போய் முடியும் சிக்னலில் இருக்கிறது. சாலையை நாலு வழியாக்கிய பிறகும் காலையில் அதைக் கடக்க முன்போலவே 20 நிமிடம் ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பச்சை விளக்கு தொடர்ந்து எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,800 கார்கள் கடக்கும். மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பச்சை என்றால் 600. சந்திப்பில் தடம் கூடாமல் பின்னால் எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்த எண் மாறாது. நீளமாக நின்ற வரிசை அகலமாக நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை அந்தச் சிக்னலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்:

1. பச்சை விழும்போது வரிசையில் கடைசியாக நிற்கும் வண்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பச்சையில் அது கடந்துவிட்டால் சிக்னல் காரணமில்லை.

2. பச்சை எரிந்தும் முன்வரிசை நகரவில்லையா? அப்படியானால் அடைப்பு சந்திப்புக்கு அப்பால், அடுத்த சந்திப்பிலோ பேருந்து நிறுத்தத்திலோ இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஒரு விஷயம், 1,800 என்பது கார்களுக்கு மட்டுமான கணக்கு. இருசக்கர வாகனங்கள் நிறையக் கலந்தால் பொருந்தாது. அப்புறம், பச்சை நேரத்தைக் கூட்டச் சொல்லி மனு எழுதும் முன் குறுக்குச் சாலையில் நிற்கும் வண்டிகளையும் எண்ணிப் பாருங்கள். அந்த நொடிகள் அங்கிருந்துதான் வரும். நடந்து கடப்பவர்களின் நேரத்தில் தயவுசெய்து கை வைக்கச் சொல்லாதீர்கள்.