குறைந்த செலவில் துப்பாக்கிப் பெட்டி: கேள்வி பதில்

லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைக்கும் பெட்டியைப் பற்றி மட்டும் கேளுங்கள். லைசென்ஸ் வாங்கும் வழி, எந்தத் துப்பாக்கி நல்லது என்ற கேள்விகளை எடுக்கவில்லை. முதலில் ஒன்று. தகட்டின் கனம், தரையோடோ சுவரோடோ பிடிக்கிற போல்ட், சாவி யார் கையில் என்ற மூன்றும்தான் பெட்டி. கையில் இருக்கிற பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள். பெயிண்டும் கம்பெனிப் பெயரும் நம்பர் பட்டனும் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

உசிலம்பட்டியிலிருந்து: அண்ணே, ரெட்டைக்குழல் 12 போர் இருக்கு. கையில பத்தாயிரம்தான். ஆளுயரப் பெட்டி விலை கேட்டா மூணு மடங்கு சொல்றாங்க. என்ன செய்ய?

தம்பி, ஆளுயரப் பெட்டி உங்களுக்கு வேண்டியதே இல்லை. 30 அங்குலக் குழல் உள்ள ரெட்டைக்குழல் முழுசாக நின்றால் சுமார் 47 அங்குலம். ஆனால் அது மடக்குத் துப்பாக்கி. தோட்டா இல்லை என்று குழல்களின் தோட்டா அறை இரண்டையும் விரல் விட்டுப் பாருங்கள். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றுங்கள். துப்பாக்கியை மடக்கிக் குழலைத் தூக்கினால் தனியாக வந்துவிடும். இப்போது நீளமான துண்டே 30 அங்குலம்தான். உள்ளே 32 அங்குலம் இருக்கிற பெட்டி போதும். கழற்றி வைத்த துப்பாக்கியைக் கையில் எடுத்தவன் உடனே சுடவும் முடியாது. அதையும் பாதுகாப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். உயரம் 85 செ.மீ., அகலம் 35, ஆழம் 25. தகடு 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு). மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர். 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ, ஆக தகடு மட்டும் 28 கிலோ. சட்டம், தாழ், கீல் எல்லாம் சேர்த்துக் கூலியை எடைக்குப் பேசுங்கள். 'ஒரு பெட்டிக்கு இவ்வளவு' என்று பேசினால் தகட்டைத்தான் மெலிய வைப்பார்கள்.

பட்டறையில் கூடவே நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. கதவு சட்டத்துக்கு உள்ளே அமர வேண்டும்; மேலே உட்கார்ந்தால் கடப்பாரை நுனி நுழைய இடம் கிடைத்துவிடும். கீல் வெளியே இருந்தால் தவறில்லை. ஆனால் கதவின் கீல் பக்க உள்விளிம்பில் ஒரு பட்டைக் கம்பியை வெல்டு செய்து, கதவு மூடும்போது அது சட்டத்துக்குப் பின்னால் போய் நிற்கும்படி அமையுங்கள். கீலை அறுத்தாலும் கதவு வராது. மூலைகளில் அங்கங்கே புள்ளி வைத்த வெல்டிங் வேண்டாம், விடாமல் ஓட்டிய வெல்டிங்காக இருக்கட்டும். போல்ட் போடப் பின்பக்கம் இரண்டு, அடியில் இரண்டு ஓட்டை போடச் சொல்லுங்கள். பெயிண்ட் வாடை முழுசாகப் போகும்வரை, ஒரு வாரமாவது, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பிறகு துப்பாக்கியை வையுங்கள்.

தோட்டா இந்தப் பெட்டிக்குள் வேண்டாம். வேறு அறையில், வேறு பூட்டில்.

மேலூரிலிருந்து: வீட்ல நல்ல பீரோ இருக்கு. அதுலயே வச்சா ஆகாதா?

சாதாரண பீரோத் தகடு 20, 22 கேஜ். ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடையாது. திருப்புளி ஒன்று போதும், கதவு மடங்கிவிடும். அதோடு, திருட வருகிறவன் முதலில் உடைப்பதே பீரோவைத்தான். நகையைத் தேடி வந்தவன் கையில் உங்கள் துப்பாக்கி கிடைக்கும்.

பெட்டிக்கு நல்ல இடம் சுவர் அலமாரி. நம் பக்கத்து வீடுகளில் கடப்பாக் கல் தட்டு வைத்த அலமாரி இல்லாத அறை குறைவு. கீழ்த்தட்டில் பெட்டியை இறுக்கமாக உட்கார வைத்தால் மூன்று பக்கமும் சுவர், கடப்பாரையை நெம்ப இடமே இருக்காது. போல்ட்டைப் பின்சுவரில் அடியுங்கள். கடப்பாக் கல்லில் அடித்தால் கல் விரிசல் விட்டுவிடும்.

திருமங்கலத்திலிருந்து: .32 ரிவால்வருக்குச் சின்ன டிஜிட்டல் லாக்கர் ஆன்லைன்ல மலிவா வருது. வாங்கலாமா ஐயா?

வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது எடை. 5 கிலோ லாக்கரை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். போல்ட் போடாத லாக்கர் திருடனுக்குப் பார்சல் கட்டிக் கொடுத்தது போல. இரண்டாவது உள்ளே இருக்கும் சோலனாய்டு, அதாவது மின்காந்தத்தால் நகர்ந்து தாழை விடும் பாகம். மலிவு லாக்கர்களில் இது ஒரு ஸ்பிரிங்கை நம்பி நிற்கும் சின்ன ஊசி. மேலே ஓங்கித் தட்டிக்கொண்டே குமிழைத் திருப்பினால் சிலவற்றில் ஊசி எகிறிக் கதவு திறந்துகொள்ளும். கடையில் பூட்டச் சொல்லி, தட்டிப் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, வீட்டுக்கு வந்ததும் கம்பெனி வைத்த எண்ணை மாற்றுங்கள். பயனர் எண் ஒன்று, மாஸ்டர் எண் ஒன்று என்று இரண்டு இருக்கும். பலர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு அவசரச் சாவி வரும். அதை லாக்கருக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பேட்டரி அல்கலைனாகப் போட்டு வருடம் ஒருமுறை மாற்றுங்கள். சாதாரண பேட்டரி கசிந்தால் சர்க்யூட்டே போய்விடும்.

திண்டுக்கல்லிலிருந்து: எங்க ஊர் மாங்காய்ப் பூட்டு ஒண்ணு தொங்கவிட்டா டிஜிட்டலாவது ஒண்ணாவது? 2019-ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. நீங்க அதைப் பத்திப் பேசவே இல்லையே!

உங்கள் ஊர்ப் பூட்டைக் குறை சொல்ல மாட்டேன். கையால் ராவிச் செய்த லீவர்ப் பூட்டு (உள்ளே லீவர் என்ற தகடுகளைச் சாவி தூக்கினால்தான் திறக்கும்), மலிவு டிஜிட்டலைவிட நூறு மடங்கு நம்பகமானது. பேட்டரி வேண்டாம், மழை ஈரம் ஒன்றும் செய்யாது. என் எச்சரிக்கை பூட்டைப் பற்றியது அல்ல, நாதாங்கியைப் பற்றியது. இரண்டு கிலோப் பூட்டை 2 மி.மீ. நாதாங்கியில் தொங்கவிட்டால் உடைபடப்போவது நாதாங்கி. பூட்டு பத்திரமாகத் தரையில் கிடக்கும்.

வாடிப்பட்டியிலிருந்து: ஐயா, கோத்ரெஜ் பீரோவா இருந்தா போதுமா?

மேலூர்க்காரருக்குச் சொன்னதுதான். கம்பெனி எதுவானாலும் துணிமணி பீரோ துணிமணிக்குத்தான்.

திண்டுக்கல்லிலிருந்து மறுபடியும்: நாதாங்கியைக் கனமாப் போட்டுட்டா? 8 மி.மீ. பட்டையில?

சோழவந்தானிலிருந்து: எது போட்டாலும் பேட்டரி கிரைண்டர் ரெண்டு நிமிஷத்துல அறுத்துரும். இந்தச் சண்டையே வீண்.

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இது பேச வேண்டிய விஷயம்தான்.

8 மி.மீ. நல்லது, ஆனால் முழுசாகாது. தொங்கும் பூட்டுக்கும் கதவுக்கும் நடுவே கம்பியை விட்டு முறுக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தை அடைக்க வேண்டும். பூட்டைச் சுற்றி 5 மி.மீ. தகட்டில் கூண்டு கட்டி, அடியில் சாவி நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பு விடுங்கள். பூட்டின் வளையம் வெளியே தெரியவே கூடாது. வளையம் தெரியாவிட்டால் அறுக்கவும் முடியாது, முறுக்கவும் முடியாது. இப்படிச் செய்தால் உங்கள் மாங்காய்ப் பூட்டை நானே சிபாரிசு செய்வேன். இல்லையென்றால் உங்கள் ஊரிலேயே கிடைக்கிற அலமாரி லீவர்ப் பூட்டைக் கதவுக்குள் பதித்து, அதன் நாக்கு 12 மி.மீ. கம்பித் தாழை நகர்த்தும்படி அமைக்கலாம். லீவர் கூடக் கூடக் கள்ளச்சாவி போடுவது கடினம்; 6-க்குக் குறையாமல் கேளுங்கள்.

சோழவந்தான் தம்பி, கிரைண்டர் 3 மி.மீ. தகட்டை அறுக்கும், உண்மை. பெட்டி நமக்கு வாங்கித் தருவது நேரமும் சத்தமும்தான். கம்பியால் நெம்பித் திறப்பவனுக்குச் சத்தமில்லை. கிரைண்டர் பிடித்தால் தெருவே எழுந்திருக்கும். 1 மி.மீ. தகட்டில் அவன் வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும், 3 மி.மீ.யில் முடியாது. அதற்குத்தான் அந்தக் காசு. வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பையனையும் நினைத்துப் பாருங்கள். அவனிடம் கிரைண்டர் கிடையாது. சாமி படத்துக்குப் பின்னால் சாவி இருப்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

மதுரை செல்லூரிலிருந்து: அப்பா போன மாசம் தவறிட்டாங்க. அவங்க ஒத்தைக்குழல் வீட்லயே இருக்கு. தம்பி பேருக்கு லைசென்ஸ் கேக்குற வரைக்கும் பெட்டி ஒண்ணு வாங்கிப் பூட்டி வைக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. இப்போது பெட்டிக்குச் செலவே செய்யாதீர்கள். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் போன பிறகு அந்த வீட்டில் துப்பாக்கியை வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை, எவ்வளவு நல்ல பெட்டியில் வைத்தாலும். ஆயுதச் சட்டம் சொல்வது, தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைப்பது. இறப்புச் சான்றிதழ், அப்பாவின் லைசென்ஸ் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிலையத்துக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தோட்டா ஏறியிருக்கிறதா என்று தெரியாவிட்டால் தொடவேண்டாம், அவர்களையே வரச் சொல்லுங்கள். துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை எழுதிய ரசீது கட்டாயம் வாங்குங்கள். தம்பி விண்ணப்பிக்கும்போது அந்த ரசீது வேண்டும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் பெட்டியைப் பற்றிப் பேசுவோம்.

பேரையூரிலிருந்து: மருந்து இடிக்கிற பழைய துப்பாக்கி. காட்டுப்பன்றிக்கு லைசென்ஸ் எடுத்தது. மருந்தையும் அதே இரும்புப் பெட்டியில இறுக்கிப் பூட்டிரலாமா?

கூடவே கூடாது. கரிமருந்தை இறுக்கமான கனத்த இரும்புப் பெட்டியில் அடைத்தால், தீப்பிடிக்கும் நாளில் அந்தப் பெட்டியே வெடிகுண்டு. திறந்து கிடக்கும் கரிமருந்து புஸ்ஸென்று எரியும், அடைபட்டால் வெடிக்கும். லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் வைக்காதீர்கள். வாங்கிய டப்பாவிலேயே விட்டு, அந்த டப்பாவை மரப்பெட்டியில் வைத்து, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத அறையில் பூட்டுங்கள்.

இன்னொன்று. பொறி கிளப்பும் சின்னத் தொப்பியை எடுத்துவிட்டால் மருந்து இல்லாத துப்பாக்கி என்று நினைக்காதீர்கள். குழலுக்குள் மருந்தும் ரவையும் அப்படியே இருக்கும். மருந்து கெட்டித்த துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. இந்தத் துப்பாக்கி நீளம், மடக்கவும் முடியாது. உங்களுக்கு மட்டும் உயரப் பெட்டிதான் வழி. அதற்கு முன், குழலுக்குள் குச்சி விட்டு அடிவரை போகிறதா என்று வெளியே அளந்து பாருங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: பெட்டிக்குள்ள வச்சதுக்கப்புறம்தான் துரு பிடிக்குது. ஏன்?

உறையோடு வைக்கிறீர்களா? தோல் உறையும் கனத்த துணி உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உறை இல்லாமல் வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள், நாளானால் கெட்டுப்போகும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பழைய பனியன் துணியில் நனைத்து மெல்லத் தடவினால் போதும். வெறும் விரல் பட்ட இடம்தான் முதலில் துரு ஏறும், அதனால் துணியோடு பிடித்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். சாப்பாட்டுப் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இரண்டு முறை திறந்து பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பெட்டியானால் பின்னால் ஒரு விரல்கடை இடைவெளிக்கு ரப்பர் வில்லை வைத்துப் போல்ட் போடுங்கள்.

அண்ணாநகரிலிருந்து: தீப்பிடிச்சாலும் தாங்குற பெட்டி வேணும். ஆறு துப்பாக்கி வைக்கிற மாதிரி வெளிநாட்டு மாடல் பார்த்தேன்.

2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. விளையாட்டுச் சுடுவீரர்களுக்கு விலக்கு உண்டு. ஆறு இடத்துக்கு ஏன் காசு? தீக் காப்புப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் பொருளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சிலிக்கா ஜெல் போடாவிட்டால் குழலில் துரு ஏறும். குறைந்த பட்ஜெட்டில் தீயை விட்டுவிடுங்கள்.

பழங்காநத்தத்திலிருந்து: வாடகை வீடு. பழைய சுண்ணாம்புச் சுவர். போல்ட் நிக்க மாட்டேங்குது.

விரிகிற போல்ட் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது. அது பக்கவாட்டில் தள்ளும்போது செங்கல் உதிரும். வலைக்குழாய் வைத்துக் கெமிக்கல் ஆங்கர் (ஓட்டையில் பசை விட்டுக் கம்பியை ஒட்டுவது) போடுங்கள். 10 மி.மீ. திருகுக் கம்பி, சுவருக்குள் 4 அங்குலம், ஓட்டையைத் தூசி இல்லாமல் ஊதிவிட்ட பிறகு. தூசி இருந்தால் பசை செங்கல்லைப் பிடிக்காது. கான்கிரீட் தரையானால் சாதாரண ஆங்கர் போதும், 3 அங்குல ஆழம். செங்கல் ஜல்லி போட்ட பழைய தரையானால் ஓரடிக்கு ஓரடி தோண்டி 1:2:4 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி) போட்டு, வளைத்த போல்ட்டை அதிலேயே புதைத்து, ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். இதற்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். வீடு மாறும்போது புது முகவரியை லைசென்ஸ் அதிகாரிக்குத் தெரிவிக்கவும் மறக்காதீர்கள்.

நத்தம் ரோட்டிலிருந்து: கைரேகை லாக்கர் எப்படி?

ரேஷன் கடையில் உங்கள் விரல் ஒரே தடவையில் பதிகிறதா? மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலுக்கு வேண்டாம்.

சமயநல்லூரிலிருந்து: பீரோ லாக்கருக்குள்ள வச்சா?

மூன்றாவது முறை. பீரோ வேண்டாம்.

கோரிப்பாளையத்திலிருந்து: நகையையும் இதே பெட்டியில வைக்கலாமா?

கூடாது. நகை எடுக்க வீட்டில் எல்லோரும் திறப்பார்கள், சாவி நாலு கை மாறும். துப்பாக்கிப் பெட்டிச் சாவி லைசென்ஸ்தாரர் ஒருவரிடம் மட்டும்.

டி.கல்லுப்பட்டியிலிருந்து: தேர்தல் நேரத்துல வீட்ல நல்ல பெட்டி இருக்குன்னு சொன்னா ஒப்படைக்காம விடுவாங்களா?

பெட்டியைப் பார்த்து விலக்கு கிடையாது. ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் ரசீதோடு ஒப்படையுங்கள். கொடுக்கும் முன் குழலின் உள்ளும் புறமும் எண்ணெய் தடவிக் கொடுங்கள். திரும்பி வர நாளாகலாம்.

திண்டுக்கல்லிலிருந்து கடைசியா: கூண்டு கட்டுனா சாவி போடக் கை நுழையுமாண்ணே?

நுழையும். கூண்டின் அடித்திறப்பை நான்கு விரல் அகலம், இரண்டு விரல் ஆழம் வையுங்கள். பூட்டை உள்ளே வைத்துப் பூட்டித் திறந்து பார்த்த பிறகே முழு வெல்டிங். அதுவரை நாலு மூலையில் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் நடக்கும்போது பூட்டை எடுத்துவிடுங்கள், சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.