லெபனானில் சிரிய அகதிப் பிள்ளைகள் படிப்பை விடுவது ஏன்?

"அரசுப் பள்ளி இலவசம், 2013 முதல் சிரியப் பிள்ளைகளுக்கென்று பிற்பகல் வகுப்பும் இருக்கிறது. பிறகும் இடைநிற்றல் என்றால், பெற்றோரின் அக்கறையின்மை என்று ஆய்வேட்டில் எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

முதலில் பயிற்றுமொழியைப் பாருங்கள். சிரியாவில் கணக்கும் அறிவியலும் அரபியில். லெபனானில் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ. இரண்டு நாட்டிலும் அரபிதானே பேசுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் சிரியாவின் அலெப்போவில் பின்னக் கணக்கை நன்றாகப் போட்ட பையன், லெபனானின் பெக்கா சமவெளிப் பள்ளியில் கேள்வியே புரியாமல் உட்கார்ந்திருப்பான். விட்டுப்போன வருடங்களுக்காகக் கீழ்வகுப்பில் போட்டால், பதின்மூன்று வயதில் பொடிசுகளோடு உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்புறம் காசு. கட்டணம் இல்லை, சரி, வேன் செலவு? குளிர்காலத்தில் வகுப்பு முடிவதற்குள் இருட்டிவிடும், பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். வதிவிட அனுமதி இல்லாத அப்பா சோதனைச்சாவடிக்குப் பயந்து வீட்டில் இருந்தால், மகன்தான் உருளைக்கிழங்கு வயலுக்குப் போவான்.

பள்ளியில் சேர்ந்தவர் எண்ணிக்கையை மட்டும் வைத்து அட்டவணை போடாதீர்கள். அவர்களில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பு வரை வந்தார்கள் என்று தேடுங்கள்.