கழற்றுவதற்கு முன் ஸ்கேன் எடுங்கள்

சாவகச்சேரியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். 8 மாதங்களுக்கு முன் யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட் (செயற்கைப் பல்லுக்கு வேராக எலும்பில் பதிக்கும் டைட்டேனியத் திருகாணி) வைத்தாராம். கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய காசு. இப்போது ஒன்று ஆடுகிறது. கீழுதடோ வைத்த நாளிலிருந்தே விறைப்பு. தேநீர் உதட்டோரம் வழிவதே தெரிவதில்லை. வைத்தியர் ஏளனமாகப் பேசினார், மகளின் கலியாணப் படத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அடுத்த கிழமை சென்னைக்குப் போய் இரண்டையும் கழற்றிவிட்டு வழக்குப் போடப் போகிறேன் என்கிறார்.

சகோதரி, ஏளனப் பேச்சையும் கலியாணப் படத்தையும் விடுங்கள். ஆடும் இம்பிளான்ட்டும் தனியே நின்றால் பலமான வழக்கில்லை. எலும்பு டைட்டேனியத்தைப் பிடிக்காமல் போவது கைதேர்ந்த வைத்தியருக்கும் நடக்கும். உங்களுக்கு நீரிழிவும் இருக்கிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் அதைத்தான் எடுப்பார்.

உங்கள் வழக்கு உதட்டில் இருக்கிறது. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புதான் அந்த உதட்டுக்கு உணர்வு கொடுக்கிறது. இம்பிளான்ட்டின் நுனி அந்த நரம்பு வரை போயிருக்கிறதா? இதற்கு விடை இப்போது உங்கள் தாடைக்குள் இருக்கிறது. சென்னையில் கழற்றிய பிறகு இருக்காது.

என்னிடம் வந்த ஒருவர் கழற்றிய திருகாணியை டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கழற்றுமுன் எடுத்த படம் இல்லை. கழற்றிய வைத்தியரின் கடிதத்தில் ‘பழையது அகற்றப்பட்டது’ என்று ஒரேயொரு வரி. அது எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று எந்த நிபுணர் சத்தியம் செய்து சொல்வார்? மூளைக் கட்டியால் இறந்த சிறுமியின் தந்தை, குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சா மீது போட்ட வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. கவனயீனத்தால்தான் இழப்பு வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை. உங்கள் வழக்கும் விழுந்தால் அந்த இடத்தில்தான் விழும்.

கழற்றுவதைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. நரம்பு நசிந்திருந்தால் தாமதம் உதட்டுக்குத்தான் கேடு. ஆனால் முதலில் முப்பரிமாண ஸ்கேன் எடுங்கள். நுனிக்கும் நரம்புக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத்தில் வாங்குங்கள். கழற்றியதை உறையிலிட்டு, திகதியும் கையொப்பமும் போட்டுத் தரச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் சிகிச்சைக் குறிப்பையும் பதிவுத் தபாலில் கேளுங்கள்.

அப்புறம், கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: வைத்தியர் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னாராம். சமாதானமாகப் போங்கள் என்பதுதான் என் யோசனை. ஒரு பல் வைத்தியருக்கு எதிராக இன்னொருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது இந்தச் சிறிய ஊரில் எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கேன் கையில் வருமுன் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய பற்றுச்சீட்டில் ஒப்பமிட்டால் உதட்டுக்கான நட்டஈடும் அதோடு போய்விடும். நரம்புக்கான சிகிச்சைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பேச்சு இழுபட்டால் காத்திருக்க வேண்டாம். கவனயீன வழக்கைப் போட 2 வருடம்தான் அவகாசம். அதில் 8 மாதம் போய்விட்டது, பேசிக்கொண்டிருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் சேரும்.