உறைநிலத்துக்குள் இறங்கும் வெப்பம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (வாசகர், மேலூர்): சைபீரியா, அலாஸ்கா முதலிய பகுதிகளில் நிலத்துக்குள் உறைந்து கிடக்கும் மண், பத்தாண்டுகளில் சராசரியாக 0.3 டிகிரிதான் சூடாகியிருக்கிறது என்று படித்தேன். மதுரையில் ஒரே நாளில் காலைக்கும் மதியத்துக்கும் இடையே பத்து டிகிரி ஏறிவிடுகிறது. இந்தச் சிறு உயர்வுக்கு இவ்வளவு கவலை ஏன்?

பதில்: தாங்கள் குறிப்பிடும் அளவு சரியானதே. 2007 முதல் 2016 வரை பல நாடுகளின் ஆழ்துளைகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, உறைநிலத்தின் சராசரி வெப்ப உயர்வு 0.29 டிகிரி செல்சியஸ் என்றது. ஆனால் அதை மதுரை வெயிலோடு ஒப்பிடுவது பொருந்தாது. மேலூர்ப் பக்கத்து ஆழக் கிணறுகளில் சித்திரையில் குளிர்ந்தும் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் தோன்றுவது ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் உள்ள தண்ணீர்தான். மேலே பருவங்கள் மாறினாலும் அம்மாற்றம் மண்ணுக்குள் இறங்க இறங்கத் தேய்ந்து, ஓர் ஆழத்துக்குக் கீழே தெரியாமலே போய்விடுகிறது. உறைநிலப் பகுதிகளில் அந்த ஆழம் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் வரை இருக்கும். கோடையும் குளிரும் எட்டாத அவ்விடத்தில் அளந்த கணக்குதான் இந்த 0.29 என்பதால், அது ஒரு நாளின் வெயிலையோ ஓர் ஆண்டின் கோடையையோ காட்டவில்லை. பல ஆண்டுகளாக நிலத்துக்குள் சேர்ந்துவரும் வெப்பத்தைக் காட்டுகிறது.

சராசரியைப் பிரித்துப் பார்த்தால் விந்தையான ஒன்று தெரியும். நிலம் முழுவதும் இடைவெளியின்றி உறைந்திருக்கும் கடுங்குளிர்ப் பகுதிகளில் உயர்வு 0.39 டிகிரி, திட்டுத்திட்டாக மட்டுமே உறைந்திருக்கும், பூஜ்ஜியத்தை நெருங்கிவிட்ட பகுதிகளிலோ 0.20 டிகிரிதான். இரண்டாவது பகுதிக்கு ஆபத்து குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு கிலோ பனிக்கட்டியைப் பூஜ்ஜியத்திலேயே நீராக மாற்றச் செலவாகும் வெப்பம், அந்த நீரைப் பின்னர் 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. ஆகவே பூஜ்ஜியத்தை நெருங்கிய மண்ணில் இறங்கும் வெப்பம் பனியை உருக்குவதிலேயே செலவாகிவிட, வெப்பமானி அசையாமல் நிற்கிறது. வெப்பநிலையை மட்டும் பார்த்து இந்நிலங்களை எடைபோடுவது தவறு என்பதே என் கருத்து. கோடைதோறும் உருகி மீண்டும் உறையும் மேல்மண் எவ்வளவு தடிக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காற்று சூடாவது மட்டுமே இதற்குக் காரணமன்று. தடித்த பனிப்போர்வை குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தடுத்துவிடும். மேற்சொன்ன திட்டுப் பகுதிகளில் அந்தப் பத்தாண்டுகளில் காற்றின் வெப்பநிலை குறிப்பிடும்படி மாறாதபோதும் நிலம் சூடானதற்குப் பனிப்பொழிவு மிகுந்ததே காரணம் என்று அதே ஆய்வு கூறுகிறது.

உறைநிலத்தை அளக்கும் வழக்கம் புதிதன்று. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்பவர் 1828-இல் தண்ணீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கி, 116 மீட்டர் போயும் உறைந்த மண்ணையே கண்டு 1837-இல் கைவிட்டார். 1840-களில் அறிவியலாளர் மிடன்டார்ஃப் அதற்குள் இறங்கி வெப்பநிலையை அளந்தார். நம் வறண்ட வட்டாரங்களில் போர் போட்டு ஏமாந்தவர்களுக்கு ஷெர்கினின் நிலை நன்றாகவே புரியும்.

இந்நிலங்களில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமம் தாவர, விலங்கு எச்சங்களாகப் புதைந்திருக்கிறது. மண் உருகினால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியிடும் என்பதால், அவ்வெப்பத்தின் விளைவு வட துருவத்தோடு நின்றுவிடாது.

கேள்வி (வாசகர், திருமங்கலம்): கொடைக்கானலில் உறைபனி விழுகிறதே, அதுவும் உறைநிலம்தானா?

பதில்: இல்லை. அங்கே இரவில் புல்மீது படியும் பனி, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியத்திலோ அதற்குக் கீழோ இருக்கும் மண்ணும் பாறையுமே நிரந்தர உறைநிலம். இந்தியாவில் அது லடாக் போன்ற இமயமலைப் பகுதிகளின் மிக உயர்ந்த சரிவுகளில் இருக்கிறது. அங்கு உறைநிலம் இளகினால் சரிவுகளின் பாறைப்பிடிப்பு தளர்ந்து மண்சரிவு நேரும் வாய்ப்பு கூடும்.